ஒரு விரல் இடைவெளி

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நான் "சாப்பிட்டாயா" என்று கத்தியதற்கு நீ "வியாழக்கிழமை" என்று பதில் சொன்னாய். பக்கத்து வீட்டில் கேட்டுச் சிரித்தார்கள். இனி நமக்குக் கடிதம்தான் சரி.

ஓர் உதவி வேண்டும். உன் மாமாவுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். அவர் வாய் திறந்து யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஆறு வாரம் ட்ரெய்லர் ஓட்டினால் கம்பெனி நாலு நாள் லீவு கொடுக்கிறது. அந்த நாலு நாளும் வண்டியை எங்கே போடுவது என்பது டிரைவர் பாடு. எங்கள் தெருவில் கார் நுழைந்தாலே நடந்து வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முன்பு நிறுத்திய பெட்ரோல் பங்கில் இப்போது நாள் வாடகை கேட்கிறார்கள், அதுவும் லாட்ஜில் ரூம் போட்டது மாதிரி. கிடங்குக்காரர் வாசலில் சங்கிலி போட்டுவிட்டார். ரோட்டோரம் விட்டால் டீசலை உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறார்கள். போன லீவில் இடம் தேடியே ஒரு நாள் போயிற்று. மீதி நாளெல்லாம் வண்டிக்கு என்ன ஆயிற்றோ என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதெல்லாம் சுவரிடம் பேசியதுதான்.

உன் மர மில் முற்றம் சும்மாதானே கிடக்கிறது? ஹைவேக்குப் பக்கம். அங்கே போட்டுவிட்டால் இரண்டு மணி நேர பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவார். யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

நலம். காது அப்படியேதான். வலது பக்கம் கேட்கும், இடது பக்கம் செத்தது செத்ததுதான். மில் ரம்பம் நின்று மூன்று வருஷமாகியும் அந்தக் காதுக்குள் அது இன்னும் மரம் அறுக்கிறது. பாப்பாவுக்கு இருமல் விட்டதா?

இதற்குப் போய் யோசிக்க வேண்டுமா? என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த முற்றத்தில் புல்லும் நானும்தான். பெட்டி அடிக்கிற வேலைக்கு எனக்குக் கொட்டகை போதும். மாமா வரட்டும். வாடகை என்று பேச்செடுத்தால் கேட்டைச் சாத்திவிடுவேன் என்று சொல்.

கேட்தான் கொஞ்சம் குறுகல். அந்தக் காலத்தில் லோடு வண்டிகள் இடித்து இடித்தே தூண் இரண்டும் போயிற்று. போன வருஷம்தான் புதிதாகக் கட்டினேன். முற்றத்துப் பள்ளத்தைப் பற்றி எதிர்ப்புறத்து எடை மேடைக்காரரிடம் சொன்னேன். லாரிகளை நிறுத்தி எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பாரே, அவர்தான். கல்லும் மண்ணும் கொட்டி நிரவிக் கொடுத்துவிட்டார்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

தங்கை


மார்ச் 18

அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? மாமா இதற்குள் வீடு வந்து, தூங்கி, எழுந்து, திரும்பவும் கிளம்பியிருப்பார்.

வண்டி வந்ததைச் சொல்கிறேன். கேட் முன்னால் நின்று இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். அந்த ஹார்ன் என் செத்த காதுக்கே கேட்கிறது! ஓடிப்போய்த் திறந்தேன். அவ்வளவு நீள வண்டி, இவ்வளவு சின்ன வாசல், நிச்சயம் என் தூணுக்குச் சாவுதான் என்று நினைத்தேன். மாமா இறங்கி வந்து இரண்டு தூணையும் ஒரு பார்வை பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். பின்பக்கமாகவே எடுத்தார் பார், ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி. தூணில் ஒரு தூசிகூட உதிரவில்லை. எடை மேடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார். "எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் இடிச்சதில்ல" என்று பதில் சொன்னார் மாமா. கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் பெருமை அவருக்கு.

சாப்பிட வைத்துத்தான் பஸ் ஏற்றினேன். நீ கவலைப்படாதே.

தங்கை


மார்ச் 29

தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். இடம் கொடுத்ததற்கு நன்றி என்று எழுதினால் திட்டுவாய். அதனால் எழுதவில்லை.

நீ சாப்பிட வைத்து அனுப்பினாய். நான் அன்று காலையிலிருந்து அடுப்படியிலேயே நின்றேன். வந்தவர் இரண்டு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, "அங்கயே வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றார். பாப்பா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. பதினாலு வருஷமாக அவர் டிரைவர் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்கிறேன். அவர் அந்த வண்டியை ஓட்டி நான் பார்த்ததே இல்லை. எங்கள் தெருவுக்கு வண்டி வராது. எனக்கு வந்து சேருவதெல்லாம் கையில் ஒரு பையோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற மனிதர். நீ ஊசி, நூல் என்று எழுதியிருந்ததை மறுபடி மறுபடி படித்தேன். ஆறு வாரம் காத்திருப்பது நான். ஹார்ன் சத்தம் கேட்டு ஓடிப்போய் அந்த முகத்தை முதலில் பார்ப்பது நீ. பார்த்துக்கொள், என் மனசு எவ்வளவு சின்னது என்று. வயிறு எரிகிறது.

விளையாட்டுக்குத்தான் எழுதினேன். வெயிலில் வெளியே நிற்காதே.

உன் அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

நலம். அடுத்த தடவை மாமாவுக்குத் தண்ணீர் மட்டும்தான். அதுவும் அரை டம்ளர். போதுமா?

உனக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். பெட்டிக்கு ஆர்டர்காரர் வந்துவிட்டார். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். பாப்பா பரீட்சை எப்படி எழுதினாள்?

தங்கை


மே 5

தங்கைக்கு,

இங்கே சுகம். பாப்பா பாஸ். உன் கையால் செய்த சின்ன மரப்பெட்டியை அவர் கொண்டுவந்து கொடுத்தார், அதில்தான் இப்போது பென்சில் வைக்கிறாள்.

இந்த லீவில் உன் மாமா மத்தியானம் வரவேண்டியவர் பொழுது சாய்ந்து வந்தார். கேட்டேன். "பஸ்ஸு போயிடுச்சு" என்றார். அடுத்த பஸ் இல்லையா? "அதுவும் போயிடுச்சு." அவரிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க வேண்டுமென்றால் குறடு வைத்துத்தான் பிடுங்க வேண்டும். திரும்பிப் போகும்போதோ, மத்தியானம் கிளம்பினால் போதும், விடிந்ததுமே ஷூவை மாட்டிக்கொண்டார். "சீக்கிரம் போய் அங்க கொஞ்சம் உக்காரணும்" என்றார். அங்கே என்றால் உன் வீட்டில். இங்கே உட்கார நாற்காலி இல்லையா?

இன்னொன்று. அவருடைய நீலச் சட்டையில் இரண்டாவது பொத்தான் புதிதாகத் தைத்திருக்கிறது. நான் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்துச் சாப்பிடுகிறவள். என் வீட்டுச் சட்டையில் நூல் எப்போதும் குறுக்கே மாறித்தான் ஓடும். இது இரண்டு நேர்கோடாக ஓடுகிறது. சின்ன வயதிலிருந்து நீ அப்படித்தான் தைப்பாய். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் எழுதுகிறேன் என்ற விஷயம் என்ன? நீயும் எழுதவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. உன் உடம்பு சுகம்தானே?

உன் அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு. இங்கே மழை. நீ எப்படி இருக்கிறாய்? உன் கழுத்துவலி?

பொத்தான் நான்தான் தைத்தேன். வண்டிக் கதவில் மாட்டி அறுந்து தொங்கியது. அப்படியே பஸ் ஏற்றினால் உன்னைத்தானே நாலு பேர் ஏசுவார்கள் என்று தைத்தேன். அதற்காகவா தூக்கத்தைத் தொலைத்தாய்?

நேற்று சனிக்கிழமை மாமா வண்டி போட வந்த நேரம் பார்த்துக் காற்றும் மழையும். கொட்டகைத் தகரம் பிய்த்துக்கொண்டது. அந்த மழையில் இவர் ஏணி போட்டு ஏறி, தகரத்தை இழுத்துக் கட்டினார். வேண்டாம் என்றால் கேட்டால்தானே? தொப்பலாக நனைந்து இறங்கினார். துண்டைக் கொடுத்துவிட்டு டீ போட்டேன். உனக்குத்தான் தெரியுமே, எல்லோரும் என் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு உதட்டை அசைப்பார்கள். இவர் மட்டும் வந்தால் நாற்காலியைத் தூக்கி வலது பக்கம் போட்டுக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிப்பார். எவ்வளவு நாளைக்குப் பிறகு ஒரு முழுப் பேச்சைக் கேட்டேன் தெரியுமா?

இன்னும் எழுத இருக்கிறது. நிதானமாக எழுதுகிறேன்.

தங்கை


ஜூன் 24

தங்கைக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனம் இல்லை.

உன் கடிதத்தை பாப்பா தூங்கிய பிறகு ஏழெட்டுத் தடவை படித்தேன். முதலில் "மாமா" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலிருந்து "இவர்". இவர் ஏறினார், இவர் இறங்கினார், இவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பதினாலு வருஷமாக நான் யாரை "இவர்" என்று சொல்கிறேனோ அவரை நீ "இவர்" என்று எழுதுகிறாய். கட்டியவள் சொல்கிற வார்த்தை அது. உன் வீட்டுக்காரர் இருந்தபோது அவரை அப்படித்தான் சொல்வாய். கை தவறி வந்தது என்று என் காதில் பூ சுற்றாதே. மனதில் இருப்பதைத்தான் கை எழுதும்.

சனிக்கிழமை வண்டி போட்டவர் ஞாயிறு மத்தியானம்தான் இங்கே வந்தார். மழை, பஸ் ஓடவில்லை, வண்டியிலேயே படுத்தேன் என்றார். "தகரம் கட்டினீங்களாமே?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "எழுதிட்டாளா?" என்றார். "என்ன எழுதணும்?" என்றேன். "அதை அவளையே கேளு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னிடம் இரண்டு வார்த்தை பேசாத மனிதர் உன்னிடம் முழுப் பேச்சுப் பேசுகிறார்.

இனி அவர் வண்டி உன் முற்றத்தில் நிற்காது. காசு கொடுத்தாவது வேறு இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நீ பதில் எழுத வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். ஏழு வாரம் உன் சொல்லைக் காப்பாற்றினேன். இனி முடியாது. நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

"இவர்" என்று எழுதினேனா? எழுதியிருப்பேன். கொஞ்ச நாளாக மனதில் அப்படித்தான் ஓடுகிறது, கையும் எழுதிவிட்டது. ஆனால் அந்த இவர், உன் இவர் இல்லை. எதிர்ப்புறத்து எடை மேடைக்காரர். தகரம் கட்டியது அவர். மாமா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை வந்தபோதே மாமா கண்டுபிடித்துவிட்டார். ஜன்னலில் இரண்டு டீ டம்ளர் இருந்தது. "யாரு?" என்றார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. நேராக ரோட்டைத் தாண்டிப் போய் அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். "நல்ல ஆளு" என்றார். பிறகு, "உங்கக்காவுக்கு நீயே எழுதும்மா. நான் சொன்னா, 'உங்களுக்கு எப்படி முன்னாடியே தெரியும்'னு என்னைத்தான் பிடிச்சுக்குவா" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், வந்தாலும் போனாலும், "எழுதிட்டியா? குடு, கையோட கொண்டுபோயிடறேன்" என்று உட்கார்ந்துகொள்வார். நான் எழுதுவேன், கிழிப்பேன். எழுதுவேன், கிழிப்பேன். பஸ் போய்விடும். பாவம், அதற்காகத்தான் அவருக்கு உன்னிடம் பாட்டு.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். என் வீட்டுக்காரர் இறந்த வருஷம், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, "என் தங்கச்சி இன்னொருத்தன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டா" என்றாய். எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! நீ என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான். அதைப் போட்டு உடைக்க எனக்குத் தைரியம் இல்லை.

பொறாமை உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. நாலு நாளுக்காக ஒரு மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்துவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வருவது எனக்கு மட்டும் எப்படி இருக்கும்?

போன மாதம் மாமா வண்டி என் கேட்டைத் தாண்டிப் போனது. மெதுவாகத்தான் போனது. ஹார்ன் சத்தம் என் காதுக்குத்தான் கேட்கவில்லையோ என்று வெளியே ஓடினேன். அவர் அடிக்கவே இல்லை.

தங்கை


ஆகஸ்ட் 22

தங்கைக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்து எழுதுகிறேன். இல்லையென்றால் அதற்கு நான்தான் காரணம்.

உன் கடிதம் வந்ததும் முதலில் வெட்கம். அப்புறம் சந்தோஷம். அழுதேன், அது எதற்கென்று தெரியவில்லை. அப்புறம், உன்னிடம் மறைப்பானேன், மறுபடியும் வயிற்றெரிச்சல். சந்தேகம் போய்விட்டது, பொறாமை போகவில்லை. ஒரே போர்வையை இழுத்துப் பிடித்துச் சண்டை போட்டுத் தூங்கியவர்கள் நாம். உன் மனதில் ஒருவர் வந்திருக்கிறார் என்பது எனக்கு முன்னால் ஒரு லாரி டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது! நேற்று போனில் அவரைக் கேட்டே விட்டேன், "உங்களுக்கு எப்படி முன்னாடியே தெரியும்?" மறுமுனையில் ரொம்ப நேரம் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அன்று நான் சொன்னதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டாயா? அப்போது உன்னை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். நீ நிமிர்ந்து பார். நன்றாகப் பார்.

போன லீவில் ஊருக்கு வெளியே சுவர் இல்லாத ஒரு மைதானத்தில் காசு கட்டி வண்டியைப் போட்டார். டீசலுக்குப் பயந்து மூன்று நாள் வண்டியிலேயே படுத்தார். எனக்குக் கிடைத்தது ஒரு நாள். நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அடுத்த லீவு செப்டம்பர் ஐந்து. இடம் கேட்க எனக்கு வாய் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் கை வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

எடை மேடைக்காரரை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா


செப்டம்பர் 1

அக்காவுக்கு,

நலம், நலம், நலம். இன்று இரண்டு காதும் கேட்கிற மாதிரி இருக்கிறது.

மூன்றாம் தேதி ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து. நீ வருவாய். வராவிட்டால் ஆள் அனுப்பித் தூக்கி வரச் செய்வேன். அது முடிந்து அவருடைய அம்மாவைப் பார்க்க ஒரு வாரம் போகிறோம். ஐந்தாம் தேதி மாமா வண்டி வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன்.

அதனால் கேட் சாவியை இத்துடன் வைத்து, தபாலை நம்பாமல் பஸ் கண்டக்டரிடமே கொடுத்தனுப்புகிறேன். மாமாவிடம் சொல்லாதே. என் கல்யாணத்துக்கு வந்தவள் அப்படியே இங்கே தங்கிவிடு. பாப்பாவும் இருக்கட்டும். அந்த நாலு நாள் லீவை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஹார்ன் அடிக்கும்போது நீ போய்த் திற.

இது நான் உனக்குக் கொடுக்கிற இடம் இல்லை அக்கா. முதலிலிருந்தே உன் இடம்தான். நான் கொஞ்ச நாள் நின்றேன், அவ்வளவுதான்.

தங்கை


செப்டம்பர் 7

அன்புத் தங்கைக்கும் அவள் "இவருக்கும்",

நாங்கள் நலம். உன் மாமியார் நலமா? என் தங்கையின் வலது பக்கம் உட்கார்ந்து பேசச் சொல்லி அவரிடமும் சொல்லிவை.

ஒரு கெட்ட செய்தி. உன் இடது பக்கத்துத் தூண் சாய்ந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் தேதி காலையிலிருந்து பாப்பாவும் நானும் கேட்டுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். ஹார்ன் கேட்டது, இரண்டு தடவை. அவசரத்தில் சாவியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன், பூட்டுக்குள் போகவில்லை. மூன்றாம் தடவையும் அடித்தார். திறந்தேன். அப்பா, எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்! நீ இதை எழுதவே இல்லையே. என்னைப் பார்த்தார். இறங்கவும் இல்லை, தூணைப் பார்க்கவும் இல்லை. வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக எடுத்தார். நான் தூண் ஓரமாக நின்று, ஊசியில் நூல் போகிறதைப் பார்க்கத் தயாராக இருந்தேன். பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அவர் கண்ணும் தெரிந்தது. தூண் பக்கம் இல்லை, என் பக்கம். பாப்பா, "அப்பா, தூணு!" என்று கத்துவதற்குள் டமால்.

இறங்கி வந்து பார்த்துக்கொண்டே நின்றார். காது இரண்டும் சிவந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல ஒண்ணும் இடிச்சதில்ல" என்றார். "தெரியும், தங்கச்சி எழுதியிருந்தா" என்றேன்.

இத்தனை தடவை நீ கேட் திறந்தாயே, உனக்காக ஒரு நாளாவது அவர் எதையாவது இடித்தாரா? சொல்.

கொத்தனாரை அவர் இன்றைக்கே கூப்பிடுகிறேன் என்கிறார். நான்தான் வேண்டாம் என்றேன். கொஞ்ச நாள் அது சாய்ந்தே இருக்கட்டும்.

உன் அக்கா